ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க்: மாட்ரிட் வழியா, நாடு நாடாகத் தனி விண்ணப்பமா?

இளமதி:

வணக்கம் நண்பர்களே. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, மாணவர்கள் பாடக் குறிப்பு எடுப்பதற்கான ஒரு செயலியை நடத்துகிறோம். சொந்த நாட்டில் பெயருக்கு டிரேட்மார்க் (வணிகக் குறி) விண்ணப்பம் போட்டு நான்கு மாதம் ஆகிறது, இன்னும் பரிசோதனைக்கே வரவில்லை. ஆனால் பயனர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன், ஜப்பான் இவைதான் முக்கியம், அடுத்த வருடம் சீனாவுக்கும் போகலாம் என்று ஒரு யோசனை.

ஒரு ஏஜென்ட் போன் செய்து, ஒரே கட்டணத்தில் "உலக டிரேட்மார்க்" வாங்கித் தருகிறேன், நூற்று முப்பது நாடுகளில் உங்கள் பெயர் பாதுகாப்பாக இருக்கும் என்கிறார். மாட்ரிட் ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதாகவும், அதன்படி ஜெனீவாவில் பதிந்துவிட்டால் போதும் என்றும் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. உண்மையிலேயே அப்படி ஒன்று உண்டா? உள்நாட்டுப் பதிவு கைக்கு வராமலே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை அதுவரை காத்திருக்க வேண்டுமா? செலவு எந்த அளவுக்குப் போகும்? இதில் இறங்கிப் பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குறிப்பதிவர்:

இளமதி, முதலில் அந்த ஏஜென்ட் சொன்னதைப் பார்த்துவிடுவோம். உலக டிரேட்மார்க் என்று எதுவும் கிடையாது. டிரேட்மார்க் உரிமை எந்த நாட்டில் வாங்குகிறோமோ அந்த நாட்டோடு நின்றுவிடும். தொழில் சொத்துரிமை பற்றி 1883-இல் வந்த பாரிஸ் உடன்படிக்கையின் அடிப்படை இன்று இதுதான், ஒரு நாட்டில் பதிந்த குறிக்கும் இன்னொரு நாட்டில் பதிந்த குறிக்கும் ஒட்டு உறவு இல்லை, ஒன்று விழுந்தால் மற்றது விழாது. உரிமை அந்தந்த நாட்டோடு நிற்பதை மாட்ரிட் முறை மாற்றவில்லை. விண்ணப்பிக்கும் வேலையை மட்டும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே விண்ணப்பம், ஒரே மொழி, ஒரே இடத்தில் கட்டணம், ஆனால் பதில் சொல்வது ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் தனித்தனியாக.

நடைமுறை இப்படி. உங்கள் சொந்த நாட்டில் ஒரு விண்ணப்பமோ பதிவோ இருக்க வேண்டும். அதை அடிப்படையாக வைத்து, உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகம் வழியாக (நேராக ஜெனீவாவுக்கு அனுப்ப முடியாது) சர்வதேச விண்ணப்பத்தைக் கொடுக்கிறீர்கள். எந்தெந்த நாடுகள் வேண்டும் என்று அதிலேயே குறிக்க வேண்டும். அலுவலகம் அதைச் சரிபார்த்து, உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்புக்கு, அதாவது எல்லோரும் வைப்போ என்று சொல்கிறார்களே அங்கே, அனுப்பும். படிவம் சரியா, குறியை எந்தப் பொருளுக்கும் சேவைக்கும் பயன்படுத்துகிறீர்கள் என்ற பட்டியல் சரியான வகுப்பில் (பொருள், சேவைகளைப் பிரித்து எண்ணிட்ட பிரிவில்) இருக்கிறதா, கட்டணம் வந்ததா என்பதைத்தான் வைப்போ பார்க்கும். உங்கள் பெயர் பதியத் தகுந்ததா, வேறொருவர் பெயரோடு மோதுகிறதா என்பதை அது பார்க்கவே பார்க்காது. சரியாக இருந்தால் சர்வதேசப் பதிவேட்டில் ஏற்றி, ஒரு சான்றிதழும் அனுப்பிவிடும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்தச் சான்றிதழை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு எல்லா நாட்டிலும் உரிமை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் நீங்கள் குறித்த நாடுகளின் மேசைக்கு உங்கள் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பரிசோதிக்கும். மறுக்க நினைத்தால் 12 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும், 18 மாதம் வேண்டும் என்று அறிவித்த நாடுகளுக்கு 18 மாதம். நீங்கள் சொன்ன அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஜப்பான், சீனா எல்லாமே 18 மாதக் கணக்குதான். மூன்றாம் தரப்பு ஆட்சேபம் என்றால் அதற்கு மேலும் போகலாம். இந்தக் கெடுவுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் அந்த நாட்டில் பாதுகாப்பு கிடைத்ததாகவே கணக்கு. மாட்ரிட் முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான், ஏனென்றால் நேரடியாக விண்ணப்பித்தால் சில நாடுகளில் வருடக்கணக்கில் எந்தப் பதிலும் இல்லாமல் காத்துக் கிடக்க வேண்டும்.

உறுப்பினர்கள் 115, நாடுகளாக எண்ணினால் 131. ஐரோப்பிய ஒன்றியமும், பெரும்பாலும் பிரெஞ்சு மொழி புழங்கும் ஆப்பிரிக்க நாடுகளின் ஓஏபிஐ என்ற அறிவுசார் சொத்துரிமை அமைப்பும் ஒவ்வொரு உறுப்பினராக இருந்து பல நாடுகளைச் சேர்த்துக்கொள்வதால் இந்த வித்தியாசம். ஆக ஏஜென்ட் சொன்ன 130 எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு, எல்லாவற்றையும் குறித்தால் தொகை எங்கேயோ போய் நிற்கும். "ஒரே கட்டணம்" என்பது சுத்தமான பொய். தைவான், ஹாங்காங், தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா போன்றவை இதில் இல்லவே இல்லை. சீனா உறுப்பினர்தான், ஆனால் சீனாவைக் குறித்தால் ஹாங்காங்கும் மக்காவும் அதில் வராது. அங்கெல்லாம் வேண்டுமானால் நேரடியாகத்தான் போக வேண்டும்.

இப்போது உங்களுக்கு அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். பாரிஸ் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவுப்படி, முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வேறு நாட்டில் விண்ணப்பித்தால் அந்த முதல் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். மாட்ரிட் விண்ணப்பத்திலும் கேட்கலாம், நேரடி விண்ணப்பத்திலும் கேட்கலாம். நான்கு மாதம் போய்விட்டது என்கிறீர்கள். மீதி இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட்டால், இடையில் யாராவது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ அதே பெயரைப் போட்டிருந்தாலும் நீங்கள்தான் முந்தியவர். அந்த நாள் தாண்டினால் இந்தச் சலுகையைத் திரும்ப வாங்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் பதிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 1891-இன் பழைய மாட்ரிட் உடன்படிக்கையில்தான் முதலில் உள்நாட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. பல பெரிய நாடுகள் சேராமல் வெளியே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1989-இல் மாட்ரிட் நெறிமுறை வந்து, நிலுவையில் இருக்கும் விண்ணப்பமே போதும் என்று மாற்றினார்கள். 1996 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் என்று வரிசையாக வந்து சேர்ந்தார்கள். கனடாவும் பிரேசிலும் 2019-இல்தான் வந்தன. இன்று எல்லா உறுப்பினரும் நெறிமுறையில்தான் இருக்கிறார்கள், அதனால் இந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

கடல்வழி:

குறிப்பதிவர் சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஐந்து வருடக் கணக்கை அவர் இன்னும் தொடவில்லை, அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

சர்வதேசப் பதிவு தேதியிலிருந்து ஐந்து வருடத்துக்கு அது உங்கள் உள்நாட்டு விண்ணப்பத்தை நம்பித்தான் நிற்கிறது. அடிமரம் சாய்ந்தால் கிளைகள் அத்தனையும் சாயும். உள்நாட்டு அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்தாலோ, நீங்களே வாபஸ் வாங்கினாலோ, யாராவது ஆட்சேபித்து ஜெயித்தாலோ, சர்வதேசப் பதிவும் அதே அளவுக்கு ரத்தாகும், ஜப்பானில் ஏற்கெனவே பாதுகாப்பு கிடைத்திருந்தாலும் சரி. வழக்கு ஐந்து வருடத்துக்குள் தொடங்கி, தீர்ப்பு ஆறாவது வருடத்தில் வந்தாலும் இதே கதிதான். போட்டியாளர் ஒருவர் நாடு நாடாக உங்களைத் துரத்தாமல், உள்நாட்டுக் குறியை மட்டும் அடித்து எல்லாவற்றையும் சாய்த்துவிடலாம், இதைத்தான் தொழிலில் சென்ட்ரல் அட்டாக் என்பார்கள்.

ரத்தான பிறகு தப்பிக்க ஒரு வழி உண்டு. மூன்று மாதத்துக்குள் அந்தந்த நாட்டில் தேசிய விண்ணப்பமாக மாற்றிக் கேட்கலாம், பழைய தேதி அப்படியே நிற்கும். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் புதிதாகக் கட்டணம், புதிதாக வக்கீல். சேமித்த பணமெல்லாம் ஒரே வீச்சில் போய்விடும்.

அதனால் இளமதி, உங்கள் செயலியின் பெயர் எப்படிப்பட்டது என்பதுதான் எனக்குக் கேள்வி. "குறிப்பேடு" மாதிரி, பொருளையே விவரிக்கிற பெயராக இருந்தால் உள்நாட்டிலேயே மறுப்பு வர நல்ல வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட விண்ணப்பத்தின் மேல் ஐந்து நாடுகளை ஏற்றி வைப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். யாரும் யோசித்திராத புதுச்சொல் என்றால், உள்நாட்டுப் பதிவேட்டிலும் தேடிப் பார்த்து மோதல் இல்லை என்றால், தைரியமாகப் போங்கள்.

புதுவரவு:

ஒரு சின்ன விஷயம். தேடிப் பார்க்க ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்கும் முன், வைப்போவின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் நீங்களே தேடுங்கள், இலவசம். லோகோ படத்தைப் போட்டும் தேடலாம். சர்வதேசப் பதிவுகளின் நிலையை மட்டும் பார்க்க மாட்ரிட் மானிட்டர். கட்டணம் எவ்வளவு வரும் என்று பார்க்கவும் அவர்கள் தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது, நாடுகளையும் வகுப்புகளையும் தட்டினால் கணக்கு வந்துவிடும்.

இளமதி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடல்வழி கேட்டதற்குப் பதில்: பெயர் நாங்களே உருவாக்கிய சொல், எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. டேட்டாபேஸில் தேடினேன், 9-ஆம் வகுப்பிலும் (தரவிறக்கும் மென்பொருள்) 42-ஆம் வகுப்பிலும் (கணினி, மென்பொருள் சேவைகள்) நெருக்கமாக எதுவும் தெரியவில்லை. உள்நாட்டு விண்ணப்பமும் அந்த இரண்டு வகுப்பில்தான்.

ஆனால் இன்னொரு குழப்பம். அந்த ஏஜென்ட் அனுப்பிய பட்டியலில் "ஐரோப்பா" என்று ஒரே வரியாக இருக்கிறது, பிரிட்டன், சுவிட்சர்லாந்து எல்லாம் அதற்குள் அடங்கும் என்கிறார். அது சரியா? 41-ஆம் வகுப்பில் கல்விச் சேவையையும் வெளிநாட்டு விண்ணப்பத்தில் சேர்க்கலாம் என்றும் சொல்கிறார், உள்நாட்டில் அது இல்லையே?

குறிப்பதிவர்:

இரண்டும் தவறு. அந்த நபரிடமிருந்து விலகி இருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தைக் குறித்தால் 27 உறுப்பு நாடுகளும் வரும், மாட்ரிட்டில் தனியாகச் சேராத மால்டா உட்பட. பிரிட்டன் வராது, 2021 தொடக்கத்திலிருந்து அது தனி. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் எப்போதுமே தனி. இன்னொன்றும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்றியத்தின் குறி பிரிக்க முடியாத ஒரே உரிமை, 27 நாடுகளில் ஏதோ ஒன்றில் பழைய குறி வைத்திருக்கும் ஒருவர் ஆட்சேபித்து ஜெயித்தாலே முழுதும் போய்விடும். அப்போது மற்ற நாடுகளில் தனித்தனிப் பதிவாக மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் செலவு உண்டு. உங்கள் பயனர்கள் உண்மையில் இரண்டு மூன்று நாடுகளில்தான் என்றால் அந்த நாடுகளை மட்டும் குறிப்பதையும் விலை போட்டுப் பாருங்கள்.

41-ஆம் வகுப்பு விஷயம்: சர்வதேச விண்ணப்பத்தின் பட்டியல் உள்நாட்டுப் பட்டியலை விட அகலமாக இருக்கவே முடியாது. சுருக்கலாம், ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வேறு அளவில் கூடச் சுருக்கலாம், கூட்ட முடியாது. கல்விச் சேவை வேண்டுமானால் முதலில் உள்நாட்டில் 41-இல் இன்னொரு விண்ணப்பம் போடுங்கள். இரண்டு உள்நாட்டு விண்ணப்பங்களையும் அடிப்படையாக வைத்து ஒரே சர்வதேச விண்ணப்பம் கொடுக்கலாம், குறியும் உரிமையாளரும் ஒன்றாக இருந்தால் போதும்.

பட்டியலைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். 1957-இல் போட்ட நீஸ் உடன்படிக்கையின்படி 45 வகுப்புகள், 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். வகுப்பு எண் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுதான், ஆனால் அதற்குள் என்ன எழுதினால் ஏற்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். "கணினி மென்பொருள்" என்று மொட்டையாக எழுதினால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கும். அமெரிக்கா ஏற்காது, அந்த மென்பொருள் என்ன வேலை செய்கிறது என்று கேட்டு மறுப்பு அனுப்பும். மறுப்பு வந்தால் பதில் சொல்ல அமெரிக்க உரிமம் பெற்ற வக்கீல் தேவை, வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம். ஒரே ஒரு சொல்லால் வரும் செலவு இது. அதனால் உங்கள் பட்டியலில் அகலமான சொல்லையும் வையுங்கள், "மாணவர்கள் குறிப்பு எடுக்கவும் சேமிக்கவும் பகிரவும் உதவும் தரவிறக்கக்கூடிய மென்பொருள்" என்று குறிப்பான சொற்றொடரையும் வையுங்கள், அமெரிக்காவுக்கு மட்டும் குறிப்பானதை வைத்துக்கொண்டு அகலமான சொல்லை நீக்கிச் சுருக்கிவிடுங்கள். உள்நாட்டு விண்ணப்பத்தில் அந்த அகலம் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள், இருந்தால்தான் இது நடக்கும்.

தேன்மொழி:

நான் வக்கீல் இல்லை, சின்ன நிறுவனத்தில் ஏற்றுமதி வேலை பார்க்கிறேன். சட்ட விவரம் மேலே நிறைய வந்துவிட்டது, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாங்கள் ஒரு நாட்டுக்குப் பொருள் அனுப்ப ஆரம்பித்தபோது அங்கே ஒரு விநியோகஸ்தரைப் பிடித்தோம். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், விற்பனையும் நன்றாகவே போனது. ஒரு நாள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் பெயரையும் லோகோவையும் அந்த நாட்டில் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார் என்று. விண்ணப்பத்தில் இருந்த படம் எங்கள் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்தது, ஓரத்தில் நாங்கள் போடும் சின்னப் புள்ளி கூட இருந்தது. அந்த நாட்டில் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. நாங்கள் பொருள் அனுப்பினால் சுங்கத்தில் எங்கள் பொருளையே போலி என்று சொல்லி நிறுத்த முடியும் என்ற நிலை.

கைகொடுத்தது பாரிஸ் உடன்படிக்கையின் ஒரு பிரிவுதான், அதன் பெயர் 6 செப்டீஸ். உரிமையாளரின் பிரதிநிதியோ முகவரோ அனுமதி இல்லாமல் தன் பெயரில் பதிந்தால், உரிமையாளர் அதை எதிர்க்கலாம், ரத்து செய்யக் கேட்கலாம், அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் தன் பெயருக்கே மாற்றித் தரச் சொல்லலாம். எங்களிடம் அவரோடு எழுதிய ஒப்பந்தம் இருந்தது, பில்கள் இருந்தன, மின்னஞ்சல்கள் இருந்தன, அவற்றை வைத்துத்தான் ஜெயித்தோம். வாய்ப்பேச்சாக மட்டும் வியாபாரம் நடந்திருந்தால் நிரூபிப்பது மிகவும் கஷ்டமாகியிருக்கும். இளமதி, நீங்கள் செயலிதானே, விநியோகஸ்தர் இல்லையே என்று நினைக்காதீர்கள், சீனாவுக்குப் போனால் அங்கே செயலியை வெளியிட ஒரு உள்ளூர்க் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளும் பேச்சு வரலாம். அவரிடம் முதல் மின்னஞ்சல் போகும் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

கடல்வழி:

தேன்மொழி சொன்னது நூற்றுக்கு நூறு. சீனா பற்றி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். அங்கே ஒவ்வொரு வகுப்பையும் உள்வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பொதுவாக ஒரே உள்வகுப்புக்குள் இருந்தால்தான் ஒத்த பொருள் என்று பார்ப்பார்கள். நீங்கள் 9-ஆம் வகுப்பில் மென்பொருளுக்கு மட்டும் பதிந்தால், அதே 9-இல் ஹெட்போனுக்கு வேறொருவர் உங்கள் பெயரை வாங்கிவிட முடியும். மாட்ரிட் வழியாகப் போனால் உங்கள் உள்நாட்டுப் பட்டியல்தான் அங்கேயும் போகும், அது அவர்கள் உள்வகுப்புகளுக்கு ஏற்ற மாதிரி எழுதப்பட்டிருக்காது. சீன எழுத்தில் பெயர் வேண்டுமென்றால் அது வேறொரு குறி, இந்த விண்ணப்பத்தில் அதைச் செருக முடியாது. சீனாவுக்கு மட்டும் நேரடியாகப் போங்கள் என்பதுதான் என் கருத்து, முன்னுரிமைத் தேதியை அங்கேயும் கேட்கலாம்.

குறிப்பதிவர்:

சீனாவுக்கு நேரடியாக என்பதை ஒத்துக்கொள்கிறேன், சீனர்களின் உள்வகுப்புகளுக்கு ஏற்ற பட்டியல் உண்மையிலேயே உங்களுக்குத் தேவை என்றால். ஆனால் பணம் இறுக்கமாக இருந்தால் இப்போது மாட்ரிட்டில் சீனாவையும் குறித்துவிடுங்கள், எதுவுமே இல்லாமல் இருப்பதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக் குறிக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்தில் என்றால் 903. மிகவும் பின்தங்கிய நாடுகள் என்று ஐநா பட்டியலிட்ட நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான். இதற்கு மேல் குறித்த ஒவ்வொரு நாட்டுக்கும் 100 பிராங்க், மூன்று வகுப்பைத் தாண்டினால் ஒவ்வொரு கூடுதல் வகுப்புக்கும் 100 பிராங்க். ஆனால் நீங்கள் சொன்ன நாடுகள் எல்லாமே தனிக் கட்டணம் நிர்ணயித்தவை, அங்கே இந்த 100 செல்லாது, அவர்கள் கேட்பதுதான், வகுப்புக்கு வகுப்பு ஏறும். உங்கள் நாட்டு அலுவலகமும் சரிபார்த்து அனுப்பக் கையாளும் கட்டணம் வாங்கலாம். கால்குலேட்டரில் வரும் தொகையோடு, குறைந்தது ஒரு நாட்டிலாவது மறுப்பு வரும் என்று வைத்து அங்கே ஒரு வக்கீல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு நாடு மட்டும் என்றால் நேரடி விண்ணப்பத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வராது. நான்கைத் தாண்டினால் மாட்ரிட்தான் மலிவு, புதுப்பிக்கும்போதும் அதுதான் நிம்மதி, பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கட்டினால் எல்லா நாட்டுக்கும் சேர்ந்துவிடும். முகவரி மாறினாலும் நிறுவனப் பெயர் மாறினாலும் அப்படித்தான்.

அமெரிக்காவை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். விண்ணப்பத்தோடு அங்கே பயன்படுத்தும் உண்மையான எண்ணம் உண்டு என்று எம்எம்18 படிவத்தில் உறுதி சொல்ல வேண்டும். பதிவு கிடைத்த பிறகு ஐந்தாவது வருடத்துக்கும் ஆறாவது வருடத்துக்கும் இடையில் உண்மையிலேயே பயன்படுத்துகிறோம் என்று அமெரிக்க அலுவலகத்திடமே நேரடியாக அறிக்கை கொடுக்க வேண்டும், வைப்போ வழியாக இதைச் செய்ய முடியாது. பத்து வருடக் கட்டணத்தை மட்டும் காலண்டரில் குறித்து வைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்களின் பதிவு அமெரிக்காவில் அப்படியே ரத்தாகிவிடும். பிலிப்பைன்ஸ், மெக்சிகோ போன்ற நாடுகளிலும் பயன்பாட்டு அறிக்கை உண்டு, பிற்பாடு அவற்றைச் சேர்த்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்பாடு சேர்ப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. இன்று எல்லா நாட்டையும் குறித்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதே சர்வதேசப் பதிவில் அடுத்த வருடமோ, ஐந்தாவது வருடமோ புது நாடுகளைச் சேர்க்கலாம். சேர்த்த நாளிலிருந்துதான் அந்த நாட்டில் உங்கள் தேதி தொடங்கும், அது ஒன்றுதான் குறை.

புதுவரவு:

இன்னொன்று, பதிவு வெளியானதும் அசல் மாதிரியே தெரியும் பில்கள் வர ஆரம்பிக்கும். சர்வதேசப் பதிவேடு, உலகக் குறிகள் பட்டியல் என்று ஏதாவது பெயர் போட்டு, கழுகு, பூமி உருண்டை முத்திரை எல்லாம் வைத்து, இத்தனை நாளுக்குள் கட்டு என்று மிரட்டும். உங்கள் பெயர், பதிவு எண், லோகோ எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவை வைப்போவின் அரசிதழில் பொதுவில் கிடைப்பவை. இந்த மோசடிகளின் மாதிரிகளை வைப்போவே தன் தளத்தில் போட்டு எச்சரிக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இளமதி:

இன்னும் இரண்டே கேள்வி, அப்புறம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். உள்நாட்டு விண்ணப்பத்தில் பெயரை மட்டும் எழுத்தாகத்தான் போட்டிருக்கிறோம், லோகோ இல்லை. சர்வதேச விண்ணப்பத்தில் லோகோவையும் சேர்த்துக்கொள்ளலாமா? இரண்டாவது, ஒரு முதலீட்டாளரோடு பேச்சு நடக்கிறது, வரிக்காக எங்கோ ஒரு தீவில் தாய் நிறுவனம் தொடங்கி, டிரேட்மார்க் உட்பட எல்லாவற்றையும் அதன் பெயருக்கு மாற்றச் சொல்கிறார். அது இதைப் பாதிக்குமா?

குறிப்பதிவர்:

லோகோவைச் சேர்க்க முடியாது. உள்நாட்டில் இருக்கும் குறியும் சர்வதேச விண்ணப்பத்தில் இருக்கும் குறியும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும், பதிவான பிறகும் மாற்ற முடியாது. எழுத்தாக மட்டும் போட்டது நல்லதுதான். லோகோவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள், பெயர் நிற்கும். ஜப்பானில் ஒருவர் உங்கள் பெயரை வேறு எழுத்துருவில் போட்டாலும் எழுத்தாகப் பதிந்த குறியை வைத்து எதிர்க்கலாம். லோகோவும் முக்கியம் என்றால் உள்நாட்டில் தனி விண்ணப்பம், பிறகு தனி சர்வதேச விண்ணப்பம்.

இரண்டாவது கேள்வியை இப்போதே கேட்டது மிகவும் நல்லது. சர்வதேசப் பதிவின் உரிமையாளராக இருக்க, மாட்ரிட் உறுப்பு நாடு ஒன்றில் உண்மையாகச் செயல்படும் தொழில் நிறுவனமோ, இருப்பிடமோ, குடியுரிமையோ வேண்டும். அந்தத் தீவு உறுப்பினர் இல்லை என்றால், அதில் பதிந்த நிறுவனத்தின் பெயருக்குப் பதிவை மாற்ற வைப்போ மறுத்துவிடும். முதலீட்டாளரின் வக்கீலிடம் இந்த ஒரு வரியை மட்டும் கேளுங்கள்: உரிமையை வாங்கப் போகும் நிறுவனம் எந்த நாட்டில் பதியப்பட்டது, அது மாட்ரிட் உறுப்பினரா? இல்லை என்றால், குறியை இப்போதைய நிறுவனத்திடமே வைத்துக்கொண்டு தாய் நிறுவனத்துக்கு உரிமம் மட்டும் கொடுக்கும்படி ஒப்பந்தத்தை எழுதலாம், சர்வதேசப் பதிவேட்டிலேயே உரிமத்தைப் பதியவும் முடியும்.

அந்தப் பேச்சு முடியும் வரை விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இப்போது இருக்கும் நிறுவனத்தின் பெயரிலேயே, உள்நாட்டு விண்ணப்பத்தில் இருப்பது போல எழுத்துக்கு எழுத்து அதே பெயரில் கொடுங்கள். உங்கள் அலுவலகம் வாங்கிக்கொண்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வைப்போவுக்குப் போய்ச் சேர்ந்தால், அலுவலகம் வாங்கிய தேதியே சர்வதேசப் பதிவு தேதியாகும். தாமதமானால் வைப்போவுக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் தேதி, அது ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் முன்னுரிமை கைவிட்டுப் போகும். அதனால் கடைசி வாரம் வரை இழுக்காமல் இந்த மாதமே கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் அனுப்பியாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.